நிழல் என்று மட்டும் சொல்லவும்

2024 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை. கவாலாத் துறைமுகத்தின் மீது விடியற்காலை முதலே தென்காற்று ஓயாது வீசிக்கொண்டிருந்தது. மழை நேராக விழாமல் சாய்ந்து விழுந்தது. அலைகள் கரைச்சுவரைத் தாண்டி, குவித்துப் போட்டிருந்த மீன்வலைகளின் மீது சிதறின. தாசோஸ் தீவுக்குச் செல்லும் பயணக் கப்பல்கள் எவையும் புறப்படலாகாது எனத் துறைமுக அதிகாரிகள் தடை விதித்திருந்தனர்.

அத்தடையை எவரும் சொல்லாமலே சமையலறைச் சன்னல் வழியாகக் கண்டறிந்தவர் ஸ்தமாதிஸ். தம் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தீவுக் கப்பலின் சுக்கானருகே கழித்து, சென்ற ஆண்டு ஓய்வு பெற்றவர். ஊரார் இன்றும் அவரைக் கேப்டன் என்றே அழைத்தனர்.

"நல்ல நாளாப் பாத்துப் பிடிச்சிருக்கீங்க," என்றார் அவர். "கப்பலே வெளிய போகல, நாம போறோம்."

அவருடைய மனைவி உரானியா, செவ்வாய்க்கிழமையில் எந்த நல்ல காரியமும் தொடங்கக்கூடாது என்று முந்தைய வாரமே கூறிவிட்டதை நினைவூட்டினாள். பின்னர்க் கணவரின் கழுத்துத்துணியைச் சரிசெய்து, நிமோனியாக்காரர் தலையை நனைக்கலாகாது என்று எச்சரித்தாள்.

அடுத்த அறையில் மூத்த மகள் பெலாகியா, தந்தையின் ஸ்கேன் படங்கள் அடங்கிய பெரிய உறைக்கு மூன்றாவது முறையாகப் பசைநாடா ஒட்டிக்கொண்டிருந்தாள். உறையின் முகப்பில் தெசலோனிக்கி மருத்துவமனைப் பிரிவின் பெயர் அச்சாகியிருந்தது. அதன் மேல் அவள் பழுப்புத்தாள் ஒட்டி நெடுநாள் ஆயிற்று. எனினும், மழையில் அத்தாள் நனைந்து உரிந்துவிட்டால் என்னாவது என்னும் எண்ணம் அன்று காலை அவளை விட்டு அகலவில்லை. கோடைக்காலம் முதல் அவள் இவ்வாறுதான் வாழ்ந்து வந்தாள். மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு, அதன் சூடு பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாதபடி சிரித்துப் பேசும் வாழ்க்கை அது.

நிகழ்ந்தது இதுதான். இரண்டு வசந்தங்களுக்கு முன்பு, கப்பலின் ஈரமான சாய்தளத்தில் ஸ்தமாதிஸ் வழுக்கி விழுந்தார். நீதிமன்றத் தெருவிலிருந்த தனியார் ஸ்கேன் மையத்தில் அவருடைய மார்பைப் படமெடுத்தனர். விலா எலும்புகளில் விரிசல், வேறு குறிப்பிடத்தக்கது எதுவுமில்லை என்று டாக்டர் அவ்கெரினோஸ் அறிக்கை எழுதிக் கொடுத்தார். விலா எலும்புகள் கூடின. ஊர் அதை மறந்தது. சென்ற ஜூலையில் தொடங்கிய இருமல் நிற்காமற்போகவே, பெலாகியா தந்தையைத் தெசலோனிக்கிக்கு அழைத்துச் சென்றாள். அங்கிருந்த நுரையீரல் மருத்துவர் பழைய ஸ்கேன் பதிந்த குறுவட்டையும் கேட்டு வாங்கித் திரையில் இட்டார். நெடுநேரம் பார்த்தார். பிறகு அவளை மட்டும் தாழ்வாரத்திற்கு அழைத்து, இன்று முட்டையளவு இருப்பது அன்றே ஆலிவ் விதையளவு இருந்திருக்கிறது என்றும், அப்பொழுதே கண்டிருந்தால் அறுத்து எடுத்திருக்கலாம், இப்பொழுது இயலாது என்றும் கூறினார்.

"அப்பாகிட்ட என்னன்னு சொல்லட்டும்?" என்று, காபிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று வினவுபவரைப் போல அவர் கேட்டார்.

நிமோனியா என்றாள் அவள். பிடிவாதமான நிமோனியா என்று அவர் திருத்திக்கொண்டார்.

அந்நோயின் பெயரை அவ்வூரில் எவரும் உச்சரிப்பதில்லை. 'அந்தக் கெட்டது' என்பார்கள். சொல்லிவிட்டுச் சட்டைக் கழுத்துக்குள் மூன்று முறை துப்புவது போல் பாவனை செய்வார்கள். நோயாளியிடம் அதைச் சொல்வது அவரைப் பாதி கொல்வதற்குச் சமம் என்பது பெலாகியாவின் குடும்பத்தில் விவாதத்துக்கு உரிய பொருளாக ஒருபோதும் இருந்ததில்லை. ஆகவே, நரம்பில் ஏற்றிய சொட்டுமருந்து வலுவான ஆன்டிபயாடிக் ஆயிற்று. சிகிச்சைப் பிரிவின் பெயர்ப்பலகையைத் தவிர்ப்பதற்காக அவள் தந்தையைச் சலவைக்கூடத்தின் பக்கத்து வாயிலால் அழைத்துச் சென்றாள். மருந்துப் புட்டிகளின் ஒட்டுத்தாள்களை உரித்தாள். தலைமயிர் உதிர்வதை விளக்க வேண்டிய தொல்லை, நல்லவேளையாக, அவருடைய வழுக்கையால் இல்லாமற்போயிற்று.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் பணிபுரிந்தாள். கண்ணாடி மாற்றித் தருவதாகச் சொல்லித் தந்தையின் படிக்கும் கண்ணாடியை ஆகஸ்டில் வாங்கிச் சென்றவள், அதைத் திருப்பித் தரவேயில்லை. இத்தாலியிலிருந்து சட்டகம் வரவில்லை என்றாள். நாள்தோறும் குறுக்கெழுத்துப் புதிர் போடும் அம்மனிதர் அதன்பின் ஒருமுறைகூடக் கண்ணாடியைப் பற்றிக் கேட்கவில்லை. அதை அவள் தன் அதிர்ஷ்டமாகவே எண்ணினாள்.

தாய்க்கும் அவள் சொல்லவில்லை. தாயின் இதயத்தில் அறுவை நடந்திருந்தது. அறிக்கை எழுதப்பட்ட அதே வசந்தத்தில் மணமாகி ஸ்டுட்கார்ட்டுக்குச் சென்ற தங்கை ரோதுலாவுக்கும் சொல்லவில்லை, அவள் கருவுற்றிருந்தாள். இவ்வாறு அச்சம் முழுவதும் ஒருத்தியிடமே தங்கிற்று. அதைச் சுமக்க இயலாமற்போன நாளொன்றில்தான், அதற்கு ஒரு காரணகர்த்தாவையேனும் கண்டுபிடித்தாக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. படத்தில் இருந்ததைக் காணத் தவறியவர், 'நான் காணவில்லை' என்று ஒருமுறை சொல்ல வேண்டும். அதற்கு ஈடு தர வேண்டும். அவள் வழக்கறிஞர் ஹரிக்லியாவிடம் சென்றாள்.

வழக்கு வலுவானதே என்றாள் ஹரிக்லியா. படம் இருக்கிறது, அறிக்கை இருக்கிறது, அறிக்கையில் அதைப் பற்றிய வரி இல்லை. ஆனால், உரிமை கோருபவர் நோயாளியே. அவர்தான் கையெழுத்திட வேண்டும். நீதிமன்றத்துக்கு முன்பாக இரு தரப்பும் சமரசர் ஒருவரின் முன்னிலையில் நேரில் அமர்ந்து பேசியாக வேண்டும் என்பதும் சட்டம்.

"என் கட்சிக்காரருக்கே என்ன வழக்குன்னு தெரியக்கூடாதுங்கிற. இப்படி ஒரு வழக்கை நான் நடத்துனதே இல்ல, பெலாகியா," என்று சொன்னவள், சற்றுப் பொறுத்து, தன் சிற்றப்பா இறக்கும்வரை தமக்கு வயிற்றுப்புண் என்றே நம்பியிருந்ததையும் கூறினாள். பின்னர்ச் சமரசருக்குத் தொலைபேசினாள். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கும் தொலைபேசினாள். அவர் வழக்குக்கு வெளியே நல்ல மனிதர். தம் தாய்க்குக் கடைசிவரை மூட்டுவலி என்றே சொல்லி வைத்திருந்தவர். அனைவரும் உடன்பட்டனர். அந்த அறையில் நோயின் பெயர் ஒலிக்காது. நிழல் என்று மட்டும் சொல்லப்படும். அது நிமோனியாவின் நிழல் என்று நம்பவைத்து, கண்ணாடியில்லாத தந்தையிடம் பெலாகியா மனுவில் கையெழுத்து வாங்கினாள்.

மழையில் அந்தப் பழுப்புத்தாள் உரியவில்லை. உறையைத் தன் மேலங்கிக்குள் அணைத்தவாறே பெலாகியா தந்தையைக் கைப்பிடித்துச் சமரசர் அலுவலகத்தின் படிகளில் ஏற்றினாள். ஒவ்வொரு தளத்திலும் அவர் நின்று மூச்சு வாங்கினார்; நிற்கும்போதெல்லாம் ஏதேனும் வேடிக்கை சொன்னார். நிமோனியாவுக்கு வக்கீல் வைத்தவன் கவாலாவிலேயே தாம் ஒருவராகத்தான் இருப்போம் என்றார். அவள் சிரித்தாள்.

நீள்மேசையின் ஒரு புறத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞரும், அவருக்கு அருகில் டாக்டர் அவ்கெரினோஸும் அமர்ந்திருந்தனர். டாக்டர் மெலிந்து, நரைத்து, பெலாகியா கற்பனை செய்திருந்ததைவிட முதியவராய்த் தோன்றினார். ஸ்தமாதிஸ் அவரை நோக்கித் தலையசைத்தார். டாக்டர் எழுந்து நின்று, பிறகு என்ன செய்வதென்று அறியாதவர் போல மீண்டும் அமர்ந்தார். பார்வையை மேசையிலிருந்து உயர்த்தவில்லை. குற்றவாளி என்று பெலாகியா உறுதி செய்துகொண்டாள். அதே கணத்தில் வேறோர் அச்சமும் அவளைப் பற்றியது. இந்த மனிதர் வாய் திறந்தால் மருத்துவர்களின் மொழியில்தான் பேசுவார். ஒரே ஒரு சொல் போதும்.

சமரசர் நடுத்தர வயதுப் பெண்மணி. இந்த அறையில் பேசப்படுவது எதுவும் நீதிமன்றத்தில் சான்றாகப் பயன்படாது என்று மெல்லிய குரலில் விளக்கினார். பிறகு, பழக்கத்தின் காரணமாகவோ என்னவோ, கோரிக்கை மனுவின் நகல் ஒன்றை எடுத்து நேராக ஸ்தமாதிஸின் முன் வைத்துவிட்டார். ஹரிக்லியாவின் கை நீண்டது; ஆனால், பிந்திவிட்டது. அதில் அனைத்தும் எழுதப்பட்டிருந்தது.

ஸ்தமாதிஸ் தாளைத் தொலைவில் பிடித்துப் பார்த்தார், கண்களைச் சுருக்கினார். "கண்ணாடி இத்தாலியில இருக்கு," என்றார். "நீயே படி கண்ணு."

பெலாகியா வாங்கிப் படிக்கத் தொடங்கினாள். வாழ்க்கையில் அவள் அவ்வளவு கடினமாக எதையும் படித்ததில்லை. ஒவ்வொரு வரியையும் வாய் எட்டுவதற்கு முன்பே கண் எட்டிப் பார்த்தாக வேண்டியிருந்தது. நோயின் பெயர் வந்த இடங்களில் நிழல் என்றாள். பரவியிருந்தது என்பதைப் படிந்திருந்தது என்று மாற்றினாள். மூன்றாம் பத்தியின் நடுவே, எஞ்சியிருக்கும் ஆயுட்காலம் என்னும் தொடர், சாலையின் குறுக்கே நிற்கும் விலங்கு போல எதிர்ப்பட்டது. அவள் நின்றுவிட்டாள். ஹரிக்லியா இருமினாள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர், எதிரியாக இருந்தும், தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"குணமாக எடுக்கும் காலம்," என்று பெலாகியா படித்தாள், "குறைந்துள்ளது."

அப்படிக் குறைவது நல்லதுதானே என்று எவரும் கேட்கவில்லை. ஸ்தமாதிஸ் கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதன்பின் பேச்சு விரைவாகவே நகர்ந்தது. டாக்டரின் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு வழங்க உடன்படுவதாக எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அறிவித்தார். ஒரே ஒரு நிபந்தனை: அந்த நிழல் தம் கவனத்திற்குத் தப்பிவிட்டது என்று டாக்டர் எழுத்து மூலம் ஒப்புக்கொள்ள வேண்டும். வாக்கியம் முன்னரே தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. தாள் டாக்டரின் முன் வைக்கப்பட்டது. பெலாகியா தன் இரு கைகளையும் மடியில் இறுகக் கோத்துக்கொண்டாள். அவள் எதிர்பார்த்திருந்த வாக்கியம் அதுவே. இன்னும் ஒரு கையெழுத்து. அதன்பின் தந்தையை அழைத்துக்கொண்டு இந்த அறையை விட்டு வெளியேறிவிடலாம். அவர் காதில் எதுவும் விழாமலே எல்லாம் முடிந்துவிடும்.

டாக்டர் பேனாவை எடுத்தார். பேனாமுனை தாளைத் தொட்டது.

"பேனாவக் கீழ வைங்க டாக்டரே," என்றார் ஸ்தமாதிஸ். "இல்லாததுல கையெழுத்துப் போடாதீங்க."

அவர் மேலங்கியின் உட்பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்தார். மருந்துக்கடைகளில் கம்பியில் தொங்கும் மலிவான கண்ணாடி, சிவப்புச் சட்டகம், ஒரு காதுப்பகுதி மீன்பிடி நூலால் கட்டப்பட்டிருந்தது. கப்பலின் சுக்கானறையில் அவர் வைத்திருந்தது அது. பெலாகியா அதை ஒருமுறையும் கண்டதில்லை. அவர் அதை அணிந்துகொண்டு மகளின் கையிலிருந்த மனுவை வாங்கினார். அவள் விட்டுவிட்ட இடத்தை விரலால் தேடினார். வானிலை அறிவிப்பைக் குழுவினருக்கு வாசிப்பவரைப் போன்ற சமமான குரலில், அவள் மாற்றிய சொற்களை ஒவ்வொன்றாக வாசித்தார்.

"நுரையீரல் புற்றுநோய்," என்று வாசித்தார். "பரவிய நிலை."

அச்சொல் அறையின் நடுவில் நின்றது. எவரும் சட்டைக் கழுத்துக்குள் துப்பவில்லை. மாதக்கணக்காகத் தான் கதவடைத்துக் காத்த ஒன்று, வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளிருந்தே வெளிவந்ததைப் பெலாகியா கண்டாள்.

பிறகு ஸ்தமாதிஸ் நடந்ததைச் சொன்னார். விழுந்த அன்று, படமெடுத்து முடிந்ததும் டாக்டர் அவரைத் தனியே அமர்த்தி, விலா எலும்புகளோடு வேறொன்றும் தெரிகிறது, கெட்டதாக இருக்கலாம், மூன்று மாதத்தில் மீண்டும் படமெடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அறிக்கையில் அதை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர் ஸ்தமாதிஸ்தான். வீட்டுக்கு வரும் தாள் எதையும் உரானியா படிக்காமல் விடமாட்டாள். அவளுக்கு இதய அறுவைக்கு நாள் குறித்திருந்தது. ரோதுலாவின் திருமணம் நெருங்கியிருந்தது. திருமணம் முடியட்டும், தாமே வந்துவிடுவதாக அவர் டாக்டரின் கையைப் பற்றிச் சத்தியம் செய்திருக்கிறார்.

"வீட்டுக்குத் தெரியக்கூடாதுன்னு கேட்டார். எழுதாம விட்டேன்," என்றார் டாக்டர். அதுவே அவர் அந்த அறையில் பேசிய முதல் வாக்கியம். "எத்தனையோ பேருக்கு அப்படிச் செஞ்சிருக்கேன். எல்லாரும் திரும்பி வந்தாங்க."

ஸ்தமாதிஸ் திரும்பி வரவில்லை. டாக்டர் தொலைபேசியில் அழைத்தார், இவர் எடுக்கவில்லை. டாக்டர் ஒருநாள் பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு இவருடைய கப்பலிலேயே ஏறிவிட்டார். தாசோஸ் வரை சென்று திரும்பும் பயணம் முழுவதும், குளிரில் மேல்தளத்தில் நின்றபடி, சுக்கானறையின் கண்ணாடியை நோக்கிக் கையசைத்துக்கொண்டேயிருந்தார். கேப்டன் வெளியே வரவேயில்லை. வீட்டுக்குத் தகவல் சொல்வதோ, கொடுத்த வாக்கை மீறுவதாகும் என்று டாக்டர் கருதினார்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பேனாவை மூடிவைத்தார். கண்டும் எழுதாமல் விட்டது கவனக்குறைவு ஆகாது, அதற்குக் காப்பீடு பொறுப்பேற்காது என்றார். ஆனால், இங்குப் பேசியது எதுவும் வெளியே செல்லாது என்பதைச் சமரசர் முன்னரே கூறிவிட்டார் அல்லவா. தயாராக இருக்கும் வாக்கியத்தில் டாக்டர் கையெழுத்திடச் சம்மதித்தால், தம் காதில் எதுவும் விழவில்லை என்று வைத்துக்கொள்வதாகச் சொன்னார். டாக்டர் தாளை மீண்டும் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். தப்பு தம்முடையதே, எந்த வாக்கியத்தில் எழுதினாலும் தப்புதான் என்றார்.

தந்தையும் மகளும் தனியே பேசிக்கொள்ள, சமரசர் பக்கத்து அறையைத் திறந்துவிட்டார். அது சிறிய அறை. கடலை நோக்கிய சன்னல். கட்டப்பட்ட கப்பல்கள் கீழே ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன.

பெலாகியாவுக்குச் சினம் மூண்டது. அத்தனை அச்சத்தினடியில் அவ்வளவு சினம் இருந்ததை அவள் அறிந்திருக்கவில்லை. ஆலிவ் விதையளவு இருந்தபோதே அறுத்திருக்கலாம் என்பதை அவள் சொல்லத் தொடங்கி, முடிக்க இயலாமல் நின்றாள்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேப்பா."

"நீ எங்கிட்ட சொன்னியா?"

அவள் சன்னல் பக்கம் திரும்பினாள். ஜூலையில் தெசலோனிக்கியிலிருந்து திரும்பிய அன்று, மகள் பேருந்தில் வழி முழுவதும் நிமோனியாவைப் பற்றியே பேசியதைக் கேட்டபோது, தமக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று அவர் சொன்னார். ஆனால், அவள் அவ்வளவு நன்றாகச் சொன்னாள். சில நாள் காலையில் எழும்போது தாமே அதை நம்பிவிட்டதும் உண்டு. கண்ணாடியை அதற்காகவே கேட்கவில்லை.

"கல்யாணம் முடியட்டும்னு நெனச்சேன். முடிஞ்சுது. உங்கம்மா ஆபரேஷன் முடியட்டும்னேன். அதுவும் முடிஞ்சுது. அப்புறம் சொல்லிக்க ஒரு சாக்கும் இல்ல கண்ணு. பயம். அவ்வளவுதான். அந்த மனுஷன் குளிர்ல நின்னு கையாட்டுறான், நான் பாக்காத மாதிரி சுக்கானப் பிடிச்சிட்டிருந்தேன். இப்பவும் பயமாத்தான் இருக்கு."

புயலில் கப்பலைக் கரை சேர்த்த அம்மனிதர் அச்சொல்லைச் சொல்லி அவள் கேட்டதில்லை. அவருடைய கை அவள் கையைத் தேடிற்று. அது குளிர்ந்திருந்தது.

"எனக்கும் பயமா இருக்குப்பா," என்றாள் அவள்.

அதைச் சொன்னதால் அச்சம் குறைந்துவிடவில்லை. ஆயினும் அதைப் பிடித்துக்கொண்டிருக்க இப்பொழுது நான்கு கைகள் இருந்தன.

டாக்டரின் கையெழுத்தைப் பற்றி என்ன செய்யலாம் என்று அவர் வினவினார். கோரிக்கை அவர் பெயரில் இருந்தாலும், தொடங்கியவள் அவளே. அவளே முடிவு செய்யட்டும். பெலாகியா சிந்தித்தாள். காணவில்லை என்று ஒருவர் சொல்லக் கேட்பதற்காகவே அவள் இவ்வளவு தூரம் வந்திருந்தாள். கண்டவர் மூவர், மூவருமே வாய் மூடி இருந்தனர், அம்மூவரில் அவளும் ஒருத்தி.

"வேணாம்ப்பா," என்றாள்.

அவர் தலையசைத்தார். எழுந்தவர், கதவருகே நின்றார். உரானியாவிடம் என்ன சொல்வது என்பதுதான் அவரை நிறுத்தியது.

"உங்கம்மாகிட்ட இன்னைக்கு வேணாம். செவ்வாய்க்கிழமை. நாளைக்குச் சொல்லிக்கலாம்."

திருமணம் முடியட்டும் என்று கூறிய அதே குரல் அது என்பதைப் பெலாகியா உணர்ந்தாள்.

"இன்னைக்குத்தான்ப்பா. வீட்டுக்குப் போனதும். நானும் பக்கத்துல இருக்கேன்."

அவர் ஒரு கணம் கதவின் கைப்பிடியைச் சுக்கானைப் பிடிப்பது போல் இரு கைகளாலும் பிடித்திருந்தார், பிறகு திறந்தார்.

உடன்பாடு எட்டப்படவில்லை என்று சமரசர் பதிவேட்டில் எழுதினார். ஹரிக்லியா கோப்பைக் கட்டினாள். தட்டச்சு செய்த தாளை டாக்டர் நான்காக மடித்துத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஸ்தமாதிஸ் மேசையைச் சுற்றிச் சென்று, அவர் தோளின் மீது சற்று நேரம் கை வைத்திருந்தார். பெலாகியா உறையை எடுத்தாள். அதன் பழுப்புத்தாளின் ஒரு முனை தளர்ந்திருந்தது. அவள் அதை முழுவதுமாக உரித்து எடுத்துவிட்டாள்.

பதிவேட்டில் கையெழுத்துக்கு மேலே, அமர்வு முடிவுற்ற நேரம் என்னும் இடம் வெற்றாக இருந்தது. சமரசர் கைக்கடிகாரம் அணிந்திருக்கவில்லை. சிவப்புக் கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு ஸ்தமாதிஸ் தம் பழைய கடிகாரத்தைப் பார்த்தார்; கப்பலின் நாட்குறிப்புக்குச் சொல்வது போல நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: பகல் பன்னிரண்டு மணி நாற்பத்தேழு நிமிடம்.